பட்டாளத்துச் சாமானா, புதுச் சாமானா: கடலூர், புதுச்சேரிப் பக்கம் கேம்ப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கூடாரம், பை, அடுப்பு என்று கேம்ப் சாமான் சேர்க்க ஆரம்பித்ததும் பாதிப் பேருக்கு வருகிற ஆசை ஒன்று உண்டு. ராணுவத்தில் கழித்த சாமானை வாங்கினால் என்ன? விலை குறைவு, உழைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இதைப் பற்றி இணையத்தில் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. நனைந்தாலும் சூடு தரும் கம்பளி, பனிக்கு ஏற்ற பூட்ஸ், காற்று புகாத கூடாரம் என்று அவர்கள் புகழ்வது எல்லாம் அவர்கள் ஊருக்குச் சரி. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மே மாத ராத்திரி அதே கூடாரத்துக்குள் படுத்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் சாமானுக்கு எதிரிகள் வியர்வை, உப்புக்காற்று, பூஞ்சை, கொசு, ஐப்பசி கார்த்திகை மழை. இந்த ஐந்தையும் வைத்துத்தான் நான் ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உலோகமாக இருப்பதையும், பூச்சு எதுவும் இல்லாத கொசுவலை, கிட் பேக் மாதிரியான எளிய துணிச் சாமானையும் பட்டாளத்துச் சாமானாகத் தாராளமாக வாங்கலாம். மழையைத் தடுக்க வேண்டிய எதையும் புதிதாக வாங்குங்கள். சீருடைத் துணி வேண்டவே வேண்டாம்.

முதலில் இங்கே "ஆர்மி" என்று விற்பது என்ன என்று பார்ப்போம். இந்திய ராணுவம் கழித்துக் கட்டும் சாமான்கள் எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் நடத்துவது போன்ற ஏலங்களில் மொத்தமாகப் போகின்றன. ஒரு தனி ஆள் போய் ஒரு கூடாரமும் இரண்டு பாட்டிலும் கேட்டு வாங்க முடியாது. வியாபாரி கை மாறி வருவதுதான் நமக்குக் கிடைக்கும். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடுகிற சண்டே மார்க்கெட்டிலும், சென்னைப் பக்கம் போனால் பல்லாவரம் வெள்ளிச் சந்தையிலும் தேடினால் சில சமயம் நல்லது அகப்படும். அங்கே தொங்குகிற பச்சைச் சாமானில் கணிசமானது "ஆர்மி டைப்". அதாவது எங்கோ ஒரு தையல் கூடத்தில் பச்சைத் துணியில் தைத்தது, ராணுவத்தின் வாசலைக்கூடப் பார்த்திராதது. "ஒரிஜினல் மிலிட்டரி, தம்பி" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். உண்மையான ராணுவச் சாமானில் தயாரித்த ஆண்டு, தொழிற்சாலை அல்லது ஒப்பந்த எண், அளவு ஆகியவை முத்திரையாகவோ துணிச் சீட்டாகவோ இருக்கும். வெளிநாட்டுச் சாமான் என்றால் நேட்டோ இருப்பு எண் என்ற 13 இலக்க எண்ணைத் தேடுங்கள். முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை, அடுத்த இரண்டு நாடு. 99 என்றால் பிரிட்டன், 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 00 அல்லது 01 அமெரிக்கா. எண் இருப்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது, அதையும் அச்சடிக்கிறார்கள். எண்ணே இல்லை என்றால் ஒரிஜினலுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

"ஆர்மி டைப்" என்றாலே மட்டம் என்றும் நான் சொல்ல மாட்டேன். கிட் பேக் மாதிரி எளிய சாமானில் உள்ளூர்த் தையல் போதும். ஒரு பை, ஒரு கயிறு, ஒரு பூட்டு, அவ்வளவுதானே.

இனி தங்குமிடம். அதிகம் பணம் போவதும் அதிகம் தப்பாகப் போவதும் இதில்தான். தேர்வுகள் மூன்று: ராணுவக் கேன்வாஸ் கூடாரம், கடையில் விற்கும் புது டோம் டென்ட், தார்ப்பாயும் கொசுவலையும்.

கேன்வாஸ் பருத்தி என்பதால் மூச்சு விடும், வெயிலில் நைலானைப் போல் சீக்கிரம் மக்காது, தீப்பொறி பட்டாலும் உருகி ஓட்டை விழாது. ஒரு தோப்பில் ஒரு மாதம் கூடாரம் போட்டு இருக்கப் போகிறீர்கள், சாமான் வண்டியில் வருகிறது என்றால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் இரண்டு பேர் படுக்கும் சின்னக் கேன்வாஸே தோளில் கனக்கும், மழையில் நனைந்தால் எடை இன்னும் கூடும். அதைவிடப் பெரிய சங்கடம், நனைந்த கேன்வாஸைக் காய வைக்க நம்மூர் மழைக்காலத்தில் வெயில் கிடைக்காது. ஈரத்தோடு மடித்து மூலையில் வைத்தால் கரும்புள்ளி விழுந்துவிடும். அப்புறம் துணி இற்றுப்போய் விரலால் கிழிக்கலாம். பழைய கேன்வாஸ் வாங்கும்போது மூக்குதான் முதல் கருவி. புழுங்கல் நாற்றம் அடித்தால் மடிப்பு ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். 'சர்'ரென்று ஒரு சத்தம் கேட்டால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

புது டோம் டென்ட் இரண்டு பேருக்கு மூன்று கிலோவுக்குள் முடிந்துவிடும். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை என்று மேலே ஏறுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாங்கும்போது இரட்டைச் சுவர் உள்ளதா, உள் அறையின் பெரும்பகுதி வலையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைச் சுவர் மலிவு டென்டுக்குள் நம் மூச்சே விடியற்காலையில் மேலே சொட்டும். கடற்கரையில் இன்னொரு தொல்லை: கூடவே கொடுக்கிற ஒல்லி முளை மணலில் நிற்காது. பட்டாளத்து இரும்பு முளையும் நிற்காது, நீளமாக இருந்தாலும் சரி. துணிப்பையில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் நிற்கும்.

சமவெளிக்கும் கடற்கரைக்கும் என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். நாற்புறமும் காற்று வருகிற மாதிரி உயரத்தில் ஒரு தார்ப்பாய், அதன் கீழே ஒரு பெட்டி வடிவக் கொசுவலை, தரையில் ஒரு விரிப்பு, மேலே கோரைப்பாய். இதில் கொசுவலையைப் பட்டாளத்துச் சாமானாக வாங்கலாம். நான்கு மூலையிலும் கட்டுவதற்கு நாடா வைத்து, ஓரத்தில் கெட்டித் துணி தைத்து, பாய்க்கு அடியில் செருக நீளம் விட்டு வரும் வலை அது. வீட்டு வலைகளில் இந்த ஓரத்துணிதான் முதலில் கிழியும். கொசுவுக்காகவே 1975இல் ஓர் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கிய ஊர் புதுச்சேரி. இங்கே வலையில்லாமல் வெளியில் படுப்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. தரையில் நேரடியாகப் படுப்பதும் வேண்டாம். மழை முடிந்த மாதங்களில் புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் நம் பக்கத்தில் உள்ள நோய்.

தார்ப்பாயை மட்டும் புதிதாக வாங்குங்கள், கயிற்றைக் கடலூர் முதுநகரில் மீனவர்கள் வாங்குகிற கடையில் வாங்குங்கள். பாராகார்ட் என்று பாராசூட் கயிற்றுக்கு ஏகப்பட்ட பெருமை உண்டு. உண்மையான மூன்றாம் வகைக் கயிறு 550 பவுண்டு, அதாவது 250 கிலோ அளவுக்கு இழுவை தாங்கும், உள்ளே குறைந்தது ஏழு இழைகள் இருக்கும். நுனியை வெட்டி எண்ணிப் பாருங்கள், பஞ்சு மாதிரி ஏதாவது அடைத்திருந்தால் போலி. ஒரிஜினலாகவே இருந்தாலும் அது நைலான். நைலான் நனைந்தால் நீளும். ராத்திரி இறுக்கிக் கட்டிய தார்ப்பாய் மழை பெய்ததும் தொங்கி, நடுவில் குளம் கட்டும். மீன்பிடிக்கப் பயன்படுத்துகிற பாலித்தீன் கயிறு தண்ணீர் குடிக்காது, விலையும் குறைவு. முடிச்சு கொஞ்சம் வழுக்கும், வெயிலில் ஓரிரு வருடத்தில் இழை பிரியும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். சவுக்குத் தோப்பில் கட்டும்போது கனத்த மரமாகப் பார்த்துக் கட்டுங்கள், ஒல்லி மரங்கள் காற்றில் ஆடி முளையைப் பிடுங்கிவிடும். தோப்புக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

மழையைத் தடுக்கும் எதையும் பழையதாக வாங்காதீர்கள் என்றேன் அல்லவா, அதற்குக் காரணம் வேதியியல். பொன்சோ என்ற நைலான் மழைப் போர்வை, மழைக்கோட்டு, முதுகுப்பை, கூடாரத்தின் வெளித்துணி ஆகியவற்றில் பெரும்பாலானவற்றின் உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். காற்றில் உள்ள ஈரமே அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும், வெப்பம் அதை வேகப்படுத்தும். பயன்படுத்தினால்தான் தேயும் என்று இல்லை, கிடங்கில் மடித்து வைத்திருந்தாலே போதும். ஐரோப்பாவில் உலர்ந்த கிடங்கில் இருபது வருடம் இருந்ததற்கும், நம் கடற்கரையில் தகரக் கூரைக்கு அடியில் ஐந்து வருடம் இருந்ததற்கும் கணக்கு வேறு. சோதனை எளிது: உள்பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, செதில் செதிலாக உரிந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ மழை உள்ளே வரும். ஒட்டிக்கொண்ட மடிப்பைப் பிரிக்கும்போது 'பிட்பிட்' என்று சத்தம் வந்தாலும் அதே கதைதான்.

பூட்ஸிலும் இதே வியாதி. நடுவில் பாலியூரித்தேன் வைத்த அடிப்பாகம் பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், போட்டுக்கொண்டு பாதி மலை ஏறியதும் கேக் உதிர்வதுபோல் உதிர்ந்து கையில் வந்துவிடும். பழைய வெளிநாட்டு பூட்ஸை நான் இந்த ஒரு காரணத்துக்காகவே தொடுவதில்லை. நம் ராணுவத்தின் டி.எம்.எஸ். பூட்டில் அடிப்பாகம் தோலோடு நேரடியாக வார்த்த ரப்பர். ரப்பர் இந்த விதத்தில் உதிராது. ஆனால் அந்தப் பூட் அணிவகுப்புக்கும் பாறைக்கும் ஏற்றது, கனமானது, நனைந்தால் காய நாளாகும், பீரோவுக்கு அடியில் போட்டால் ஒரு மழைக்காலத்தில் வெண்பூஞ்சை பூத்துவிடும். பிச்சாவரம் பக்கத்துச் சேற்றில் அது கால் கட்டிய கல். கான்வாஸ் ஜங்கிள் பூட் நல்ல தேர்வு: தண்ணீர் உள்ளே வந்தாலும் சீக்கிரம் வெளியே போகும், மலிவு, தொலைந்தாலும் துக்கம் இல்லை. அதையும் புதிதாக, உங்கள் அளவில் வாங்குங்கள். இன்னொருவர் காலுக்குப் படிந்த பூட் உங்கள் காலைக் கடிக்கும்.

உலோகச் சாமானுக்கு வந்தால் பேச்சு மாறுகிறது. மெஸ் டின் என்ற சிப்பாயின் சாப்பாட்டுப் பாத்திரம், தண்ணீர் பாட்டில், பாட்டிலுக்கு அடியில் பொருந்துகிற கோப்பை ஆகியவற்றில் பட்டாளத்துச் சாமானை மிஞ்ச ஆள் இல்லை. குறிப்பாக அந்தக் கோப்பை. அமெரிக்க பாட்டில் ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். அதன் கீழே உறை மாதிரி மாட்டிக்கொள்ளும் உலோகக் கோப்பையில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம், காபி போடலாம், கஞ்சி காய்ச்சலாம். பையில் தனி இடம் அடைக்காது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சொல்தா வீடுகளின் பரணில் பழைய பிரெஞ்சு பாட்டிலோ சாப்பாட்டு டின்னோ கிடக்கலாம். அது வியாபாரம் ஆகாத சொத்து, கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, கொடுத்தால் சமையலுக்கு எடுக்காமல் அலமாரியில் வையுங்கள். அலுமினியத்தில் ஒரு எச்சரிக்கை: புளிக்குழம்பு, ரசம், தக்காளி எதையும் அதில் வைத்திருக்க வேண்டாம், புளி அலுமினியத்தை அரிக்கும். நம் சமையலுக்கு எவர்சில்வர்தான் ஏற்றது. உண்மையைச் சொன்னால், மேலடுக்கில் ரசமும் கீழே சோறுமாக இரண்டு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர், ஜெர்மன் மெஸ் டின்னைவிட நம் சாப்பாட்டுக்கு ஒத்துவரும். மெஸ் டின்னின் பலம் நேரடியாகத் தீயில் வைக்கலாம் என்பது.

அடுப்பில் பட்டாளத்து மடக்கு அடுப்பும் அதில் எரிக்கிற ஹெக்சமின் என்ற எரிபொருள் கட்டியும் எளிமையானவை. மடித்தால் சட்டைப்பைக்குள் போகும், பம்ப் அடிக்க வேண்டாம், கசியாது. ஆனால் ஹெக்சமின் புகை நல்லதல்ல, கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது, பாத்திரத்தின் அடியில் பிசுக்கென்று கரி ஒட்டும், கடற்காற்றில் பாதிச் சூடு பறந்துவிடும். இரண்டு பேருக்குக் காபி வரை சரி. சோறு வடிக்க வேண்டும் என்றால் சின்ன கேஸ் அடுப்பு.

தண்ணீரில் ஒன்று. ராணுவத் தண்ணீர் மாத்திரை என்று பழைய டப்பாவில் விற்பதை வாங்காதீர்கள், காலாவதியான குளோரின் மாத்திரையால் பயனில்லை. மருந்துக்கடையில் புதிது வாங்கி, போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எந்த மாத்திரையும் உப்பை எடுக்காது. பிச்சாவரத்துக் கழிமுகத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்தாலும் அது உப்புத் தண்ணீர்தான். குடிநீரைச் சுமந்துதான் போக வேண்டும்.

பைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1970களில் வந்த அமெரிக்க அலைஸ் பை, பெரிய அளவு, சட்டத்தோடு சேர்த்து வெறுமனே மூன்று கிலோவை நெருங்கும். முதுகில் காற்று புக இடைவெளி விடுவது அதன் ஒரே நல்ல குணம், வெயில் நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் இடுப்புப் பட்டை சரியாக அமைந்த ஒரு புது 40 லிட்டர் பை போதும். கம்பளியும் அப்படியே: பட்டாளக் கம்பளி கல்வராயனில் மார்கழி ராத்திரிக்கு அருமை, சமவெளியில் ஒரு ஜமுக்காளமும் ஒரு போர்வையும் தாராளம்.

ராணுவச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் மயங்கிவிடாதீர்கள். எம்.ஆர்.இ. என்ற அமெரிக்க ராணுவப் பொட்டலம் 27 டிகிரி வெப்பத்தில் மூன்று வருடம் தாங்கும் என்று கணக்கிடப்பட்டது, 38 டிகிரியில் அது சில மாதங்களாகச் சுருங்கிவிடும். கப்பலிலும் கிடங்கிலும் என்ன வெப்பத்தில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நம் ராணுவத்துக்கு மைசூர்ப் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கிய பொட்டலச் சாப்பாட்டு முறை இன்று கடைகளில் விற்கிற ரெடி டு ஈட் பொட்டலங்களில் இருக்கிறது. அதை வாங்குங்கள். அல்லது புளிச்சோறு, அவல், வேர்க்கடலை, பொரிவிளங்காய் உருண்டை.

இப்போது உடை. 2016 ஜனவரியில் பதான்கோட் தாக்குதல் நடந்த பிறகு, பொதுமக்கள் ராணுவ உடை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022 ராணுவ தினத்தில் அறிமுகமான புது டிஜிட்டல் வடிவச் சீருடையைத் திறந்த சந்தையில் விற்க அனுமதி இல்லை. படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அப்படி உடுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், கிழக்குக் கடற்கரைச் சாலைச் சோதனைச்சாவடியில் ராத்திரி பத்து மணிக்கு அதை விளக்குவதில் என்ன சுகம்? சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், காட்டில் வழி தவறினால் உங்களைத் தேடுகிறவர்கள் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே செய்த துணி அது. ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று, ஒரு விசில். வேலை முடிந்தது.

கத்தியிலும் ஆசை அடங்க வேண்டும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ இல்லாவிட்டால் ஆயுத விதிகளுக்குள் வருகிறது. பழைய துப்பாக்கிக் கத்தி, பெரிய குக்ரி எல்லாம் வீண் வம்பு. காய்கறிக் கத்தியும் ஒரு மடக்குக் கத்தியும் போதும்.

பழைய வாயு முகமூடியும் சில இடத்தில் அலங்காரமாக விற்கிறார்கள். சோவியத் ஜி.பி.-5 வகையின் வடிகட்டியில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், உண்டு. தொடாமல் வாருங்கள்.

கேம்ப் சாமான் வாங்குகிற கடலூர்க்காரர் இன்னொரு கணக்கும் போட வேண்டும், அது புயல். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தன, மின்சாரம் வர நாள்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. மறுநாள் ராணுவத்தினரே படகோடு வந்து வீடுகளில் சிக்கியவர்களை மீட்டார்கள். அதற்கடுத்த நாள்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்கு வந்து சேர்ந்தது. வாங்குகிற சாமான் இரண்டு வேலைக்கும் உதவினால் காசு வீண் இல்லை.

இந்தக் கணக்கில் தேர்வு கொஞ்சம் மாறும். முதுகில் சுமக்க வேண்டியதில்லை என்பதால் கனம் இனி குறை இல்லை. பட்டாளத்து இரும்பு டிரங்குப் பெட்டி நல்லது, ஆனால் தண்ணீர் புகும் என்பதால் உள்ளே ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, பரணில் வையுங்கள். மடக்கு மண்வெட்டி வாசலில் தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் வெட்ட உதவும், கேம்ப்பில் அதைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. மெஸ் டின்னும் கோப்பையும் கேஸ் தீர்ந்த வீட்டில் விறகில் சமைக்க உதவும். கொசுவலை, சொல்லவே வேண்டாம், வெள்ளம் வடிந்த வாரத்தில் தங்கத்துக்குச் சமம். டோம் டென்ட் மட்டும் புயலில் எதற்கும் உதவாது.

கடைசியாக, எங்கே போகப் போகிறீர்கள் என்பதை வைத்து வாங்கும் வரிசையை முடிவு செய்யுங்கள். 2018 மார்ச் 11இல் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நடப்பது, தங்குவது எல்லாம் முடிந்த கதை. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு வழியாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு மலை ஏறுகிறவருக்கு நல்ல காலணி, ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில் தவிர எதுவும் தேவைப்படாது. அவர் பட்டாளத்துக் கடைப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்தவர் தோப்பில் நண்பர்களோடு தங்குகிறவர் முதலில் கொசுவலை, தார்ப்பாய், பாலித்தீன் கயிறு வாங்கட்டும், அடுத்த சம்பளத்தில் பாட்டிலும் கோப்பையும். வண்டியில் குடும்பத்தோடு போகிறவருக்குக் கனம் பொருட்டில்லை, கேன்வாஸைக்கூட யோசிக்கலாம், ஆனால் மாசியில் வாங்கி ஆவணிக்குள் பயன்படுத்தி முடித்து, நல்ல வெயிலில் இரண்டு நாள் விரித்துக் காய வைத்து, ஐப்பசிக்கு முன்பே மூட்டை கட்டிவிட வேண்டும்.